பள்ளிக்குப் போகும் வழியில் பதினேழு மேடுகள்



என் வீட்டிலிருந்து நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளிக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. அந்த வழியில் அண்மைக்காலம் வரை பதினேழு வேகத்தடை மேடுகள் இருந்தன. காரில் போய்வரும் ஆசிரியர்களைக் கேட்டால், "ஐந்தாறு இருக்கும்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரின் சுருள்வில்லும் இருக்கையும் மற்றவற்றை விழுங்கிவிடுகின்றன. மிதிவண்டியில் போகிறவர்களுக்கோ பதினேழும் மனப்பாடம். எது யார் வீட்டு வாசலில் இருக்கிறது, எது எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது, எதன் ஓரத்தில் மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் முதுகெலும்புக்குத் தெரியும்.

ஒன்பது ஆண்டுகளாக நான் மிதிவண்டியில்தான் பள்ளிக்குச் சென்று வருகிறேன். திங்கட்கிழமை மட்டும் சபைகூடலுக்குச் சேலை உடுத்துவதால் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் காரில் தொற்றிக்கொள்வேன். "ஏன் டீச்சர், கார் பழுதா?" என்று தொடக்கத்தில் பரிவோடு விசாரித்த பெற்றோர்கள் இப்போது கேட்பதில்லை. பழகிவிட்டது.

அந்தப் பதினேழில் ஐந்து மட்டுமே ஊராட்சி மன்றம் முறைப்படி அமைத்தவை. மூன்று, இரப்பர்க் கட்டைகளைத் திருகாணியால் சாலையில் முடுக்கி வைத்தவை. அவற்றில் சில துண்டுகள் பெயர்ந்து போய்விட்டன. துண்டு போனாலும் திருகாணி போகவில்லை. துருப்பிடித்த தலையை நீட்டிக்கொண்டு டயருக்காகக் காத்திருக்கிறது. எஞ்சிய ஒன்பதும் குடியிருப்பாளர்கள் தாங்களே கட்டியவை. வீட்டு முன்புறம் கார் நிறுத்துமிடத்தை நீட்டிக் கட்டும்போது மிச்சமாகும் சிமெண்டுக் கலவைக்கு இப்படியொரு பயன் கிடைத்துவிடுகிறது. இவை போக, பெரிய சாலையில் பள்ளிக்கு முன்னால் குறுக்கே வரிவரியாகப் பூசப்பட்ட தடித்த மஞ்சள் கோடுகள். அவற்றின் மீது போனால் என் கூடையில் இருக்கும் மாணவர் பயிற்சி நூல்கள் தாளம் போடும்.

பேச்சு வழக்கில் நாம் இதைப் 'பம்பர்' என்கிறோம். ஏட்டில் எழுதும்போது வேகத்தடை. மலாயில் 'போங்கோல்', ஒட்டகத்தின் முதுகிலிருப்பதற்கும் அதே சொல்தான். இதை மனத்தில் வைத்துத்தானோ என்னவோ, என் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரையில் 'சாலைத் திமில்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மை பேனாவை மூடிவிட்டு, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன்.

மேடுகளே கூடாது என்று வாதிடுவதற்காக நான் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடமைப்புப் பகுதியின் நேர்ச்சாலையில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகள் நடமாடும் தெருவில் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். என் வழக்கு மேட்டோடு அன்று; மேட்டின் வடிவத்தோடு.

வடிவம் என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ஆர்தர் ஹாலி காம்ப்டன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாம் பணியாற்றிய பல்கலைக்கழக வளாகத்தில் வாகனங்கள் விரைவதைக் கண்டு, 1953-இல் வேகத்தடை மேடொன்றை வடிவமைத்தார். ஒளித்துகளை ஆராய்ந்தவருக்கும் கடைசியில் இந்தக் கவலை வந்திருக்கிறது பாருங்கள்! பின்னர் 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் பலவகை மேடுகளைச் செய்து, அவற்றின் மீது வாகனங்களை ஓட்டிப் பார்த்து ஆராய்ந்தார். அவர் பரிந்துரைத்த மேடு சுமார் 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. வட்டத்தின் ஒரு வில்லைப் போல மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. உலகில் பல நாடுகளில் இன்று காணும் நீண்ட மேடுகளுக்கு அதுவே மூலம்.

ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் இருவர் சாலையின் இரு முனைகளிலும் நின்று வாகனங்களைக் கவனித்துக்கொள்ள, ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிலரோடு நான் எங்கள் மேடுகளை அளந்தேன். நூல், அளவுகோல், நீர்மட்டம், ஒரு நேரான பலகை. இவ்வளவுதான் கருவிகள். நாங்கள் அளந்த ஒரு சிமெண்டு மேட்டின் உயரம் 9 சென்டிமீட்டர். நீளமோ 40 சென்டிமீட்டர்தான்.

அளவுகளை வெண்பலகையில் எழுதியதும் மாணவர்களே கணக்கைப் பிடித்துக்கொண்டனர். வாட்ஸ் மேட்டில் உச்சியை அடைய 185 சென்டிமீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர் ஏறுகிறோம். ஏறத்தாழ பதினெட்டுக்கு ஒன்று. நம் சிமெண்டு மேட்டில் 20 சென்டிமீட்டருக்குள் 9 சென்டிமீட்டர். இரண்டுக்கு ஒன்று. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னது சரிவு, பின்னது சுவர்.

இந்தச் சுவரை யார் எப்படி உணர்கிறார்கள்? நான்கு சக்கரமும் அவற்றுக்கு மேலே சுருள்வில்லும் உள்ள கார், குட்டை மேட்டின் மீது வேகமாகப் போனால், உடல் குலுங்குமுன் சக்கரம் மட்டும் எகிறி இறங்கிவிடும். அதனால் குட்டை மேட்டில் சிலவேளை மெதுவாகப் போவதைவிட வேகமாகப் போவதே ஓட்டுநருக்குச் சுகமாக இருப்பதுண்டு. நீளமான மேடு அப்படி ஏமாறாது. வேகமாக வந்தால் காரின் உடலையே தூக்கிவிடும். ஆக, வீட்டுக்காரர் யாரைத் தடுக்கக் கட்டினாரோ அவரை அந்தச் சிமெண்டு மேடு சரியாகத் தடுப்பதில்லை.

மிதிவண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. அடி நேராகக் கைப்பிடிக்கும் இருக்கைக்கும் வந்து சேர்கிறது. அதிலும் சக்கரம் சிறுத்தால் அடி பெருகும். என் மிதிவண்டியின் சக்கரம் 26 அங்குலம், நான்காம் ஆண்டு மாணவனுடையது 20 அங்குலம், தங்கையினுடையது 16. பெரிய சக்கரம் தடையின் மீது சாய்வாக ஏறுகிறது. சின்னச் சக்கரம் தடையை முகத்துக்கு நேராகச் சந்திக்கிறது. பிள்ளைகளைக் காப்பதற்காகக் கட்டப்பட்ட மேடு பிள்ளைகளையே மிகுதியாக உதைக்கிறது என்பதை நான் கணக்கில் அறிந்தது அந்தச் சனிக்கிழமையில். கண்ணால் கண்டது அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். பள்ளிக்கு முதலில் வந்து வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வைப்பவன் அவன்தான். அதை யாரும் அவனுக்குப் பணிக்கவில்லை. அவனே எடுத்துக்கொண்ட வேலை. ஒருநாள் காலை ஏழு மணிக்கு முன்பு, புதிதாக முளைத்திருந்த சிமெண்டு மேட்டில் ஏறி, கைப்பிடி திரும்பி விழுந்தான். மேட்டுக்கு வண்ணம் பூசப்படவில்லை. அருகில் தெருவிளக்கும் எரியவில்லை. முந்திய நாள் மாலை வரை அந்த இடத்தில் மேடே இருந்ததில்லை. முகவாயில் மூன்று தையல். முன்பல் ஒன்றின் நுனி போயிற்று.

இருட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1982 சனவரி முதல் நாள் தொட்டுக் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள்; சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாகவேண்டும் என்பதற்காக. அதனால் மேற்குக் கரையில் சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஏழே கால் மணிக்கு மேல்தான் கதிரவன் தலைகாட்டுகிறான். ஏழரை மணிப் பள்ளிக்கு மிதிவண்டியில் புறப்படும் பிள்ளை, பாதி வழியை இருளில்தான் கடக்கிறது. கறுப்புச் சாலையில் சாம்பல் நிற மேட்டை அந்நேரத்தில் பார்க்கப் பூனைக் கண் வேண்டும்.

மேட்டைக் கட்டிய அண்ணனைப் பார்க்கச் சென்றேன். அவர் மகளும் எங்கள் பள்ளி மாணவிதான். பையன் விழுந்ததைக் கேட்டு அவரே மருத்துவமனைக்குப் போய் வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"டீச்சர், எங்க அம்மாவ ஒரு மோட்டார்க்காரன் இடிச்சிட்டு நிக்காம போயிட்டான். கேட்டுக்கு வெளிய குப்பை போடத்தான் வந்தாங்க. இடுப்பெலும்பு போச்சு. பம்பர் போட்டுக் கொடுங்கன்னு கடிதம் எழுதினேன். மூனு மாசமா ஒரு பதிலும் இல்ல. அப்புறம்தான் நானே சிமெண்டு கொழச்சேன். நீங்க சொல்லுங்க, நான் வேற என்ன செய்யணும்?"

கூடத்தில் அந்த அம்மா நான்கு கால் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். என்னிடம் பதில் இல்லை. தேநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

மேடு கண்ணுக்குத் தெரியும் பகை என்றால், குழி மறைந்திருக்கும் பகை. நம் நாட்டில் பனி உறைந்து சாலை வெடிப்பதில்லை. இங்கு எல்லாம் நீரின் வேலை. தாரில் ஒரு மயிரிழை வெடிப்பு போதும். மழைநீர் உள்ளே இறங்கி அடியிலிருக்கும் கல்லையும் மண்ணையும் இளக்கிவிடும். மேலே செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போது அந்த நீர் அழுத்தத்தோடு பீய்ச்சி, மண்ணையும் உடன் கொண்டு வெளியே வரும். அடித்தளம் போனபின் மேல்தோல் எத்தனை நாள் நிற்கும்? குழாய் பதிக்கவும் கம்பி புதைக்கவும் சாலையைக் கீறிவிட்டு அரைகுறையாக மூடிப்போகும் ஒட்டுகளும் இதே கதைதான். ஒட்டின் விளிம்பு நீளவாக்கில் அமைந்துவிட்டால் மிதிவண்டிக்கு அது இரயில் தண்டவாளம். முன்சக்கரம் அதற்குள் மாட்டிக்கொண்டால் திருப்ப முடியாது. கால்வாய் மூடியின் கம்பிகள் போகும் திசையிலேயே அமைந்திருந்தாலும் அப்படித்தான்.

மழை பெய்து ஓய்ந்தபின் எல்லாக் குழியும் ஒரே உயரம். ஒரு விரற்கடை ஆழமும் முழங்கை ஆழமும் ஒரே கண்ணாடியாகப் பளபளக்கும்.

குழியில் விழுவதைவிடக் குழியைத் தவிர்ப்பதில்தான் ஆபத்து மிகுதி. ஓரமாகப் போகும் மிதிவண்டி குழியைக் கண்டு ஒரு முழம் வலப்பக்கம் ஒதுங்கும். பின்னால் வரும் காருக்கு அந்தக் குழி தெரியாது. "இந்தப் பிள்ளைகளுக்கு நேராகவே ஓட்டத் தெரியாது" என்று காரில் இருப்பவர் சலித்துக்கொள்வார். நேராக ஓட்டினால் என்ன ஆகும் என்பதைச் சாலைதான் அவருக்குச் சொல்லவேண்டும்.

2020 திசம்பர் இறுதியில், அப்போது அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின், சிலாங்கூர் பந்திங் பகுதியில் மிதிவண்டி ஓட்டும்போது குழியில் சிக்கி விழுந்தார். காயத்தோடு இருக்கும் படத்தை அவரே டுவிட்டரில் வெளியிட்டார். அந்தச் சாலை விரைவிலேயே சீர்செய்யப்பட்டது. அமைச்சர் விழுந்தால் குழி உடனே மூடப்படும் என்று அன்று பலர் கேலி பேசினர். கேலி இருக்கட்டும். ஒரு குழியை அவ்வளவு விரைவில் மூட முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனதல்லவா? அதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன்.

சாலை நன்றாக இருக்கவேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் காரோட்டிகள் அல்லர். 1886-இல் பிரிட்டனில் சாலை மேம்பாட்டுக்காகச் சங்கம் அமைத்தவர்கள் மிதிவண்டி ஓட்டிகள். அப்போது கார் தெருவுக்கு வந்திருக்கவில்லை. அடுத்த ஈராண்டில், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனின் மூன்றுசக்கர வண்டி கரடுமுரடான வழியில் குலுங்குவதைக் கண்டு, இரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அதற்கான காப்புரிமையை 1888-இல் பெற்றார். (அவருக்கு முன்பே 1840-களில் தாம்சன் என்பவர் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது வேறு கதை.) அதே 1888-இல்தான் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்று, 1877-இல் வந்திறங்கிய 22 இரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்களைச் சீவிப் பார்க்கத் தொடங்கினார். டயருக்கு இரப்பர், இரப்பருக்குத் தோட்டம், தோட்டத்துக்கு ஆள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கதையில் மேடுபள்ளச் சாலையில் குலுங்கிய ஒரு சிறுவனுக்கும் பங்குண்டு என்று வகுப்பில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்புறம் ஏன் டீச்சர் நம்ம ரோடு இன்னும் அப்படியே இருக்கு?"

பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாகக் கடிதம் எழுதினோம். மாணவர்கள் எடுத்த அளவுகளையும் படத்தையும் இணைத்தோம். மேட்டை அகற்றுங்கள் என்று மட்டும் கேட்காமல், நீளமான முறையான மேடு எந்தெந்த இடத்தில் வேண்டும் என்றும் குறித்திருந்தோம். ஏற்றமும் இறக்கமும் அலைபோல் வளைந்து சாலையோடு இழையும் மேடுகள் நெதர்லாந்தில் வழக்கில் உள்ளன. மிதிவண்டிக்கு அவையே ஏற்றவை என்பதையும் சேர்த்தோம். சில மாதங்கள் கழித்து அதிகாரி ஒருவர் வந்தார். பண்பாகப் பேசினார். சாலை பொதுச்சொத்து, அனுமதியின்றிக் கட்டியவை அகற்றப்படும் என்றார்.

அகற்றினார்கள். ஒன்பது மேடுகளும் ஒரே நாளில் இயந்திரத்தால் பெயர்க்கப்பட்டன. பெயர்த்த இடங்களில் தாரும் சேர்ந்து வந்துவிட்டதால் இப்போது ஒன்பது பள்ளங்கள். கடிதத்தில் மேட்டைப் பற்றி எழுதினோம்; பள்ளத்தைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதவேண்டியதாயிற்று. மோட்டார் சைக்கிள்கள் முன்னிலும் வேகமாகப் போயின. அந்த அண்ணன் பழைய லோரி டயர் இரண்டை வாசலில் நிறுத்தி, அவற்றுக்குள் செடி வைத்தார். அவர் அம்மா வெளியே வருவதேயில்லை.

இரண்டாம் கடிதத்துக்குப் பின் பள்ளங்கள் ஒட்டுப் போடப்பட்டன. நாங்கள் கேட்ட நீண்ட மேடுகளில் இரண்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. முதலாவது சென்ற மாதம் வந்தது. மூன்றரை மீட்டர் நீளம், மஞ்சள் வண்ணம், முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை. அதன் மீது இருக்கையை விட்டு எழாமலே போகமுடிகிறது. கார்கள் உண்மையாகவே மெதுவாகின்றன. கால்வாய்ப் பக்கம் நீர் வடிய ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இடைவெளியில் புகுந்து போகப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். அதே சந்தைத்தான் மோட்டார் சைக்கிளும் குறிவைக்கிறது. ஒரு பக்கம் கால்வாய் வேறு. மேட்டை நடுவில், நேராக, செங்கோணத்தில் கடக்கச் சொல்லுங்கள். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேட்டின் மீது பிரேக்கை விட்டுவிட்டு, மிதிகட்டைகளைச் சமமாக நிறுத்தி, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கையைத் தளர்த்தினால் பாதி அடி குறையும். புத்தகப்பையை முதுகில் சுமக்காமல் பின்னிருக்கையில் கட்டினால் இன்னும் நல்லது. டயரில் காற்று குறைந்திருந்தால் மேட்டின் விளிம்பில் உள்டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். வாரம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முன்விளக்கு கட்டாயம். அது மற்றவர் பிள்ளையைப் பார்க்க மட்டுமன்று, பிள்ளை சாலையைப் பார்க்கவும்தான்.

மிதிவண்டியே வேண்டாம் என்று முடிவெடுத்த பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில், ஜொகூர் பாருவில் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி இறந்தபின், மிதிவண்டி என்ற சொல்லுக்கே நம் வீடுகளில் ஓர் அச்சம் வந்துவிட்டது. நள்ளிரவில் பெருஞ்சாலையில் ஓட்டுவதும் காலையில் பள்ளிக்குப் போவதும் வேறு வேறு என்று அந்த அச்சத்திடம் வாதாட முடியாது. நான் இப்பள்ளிக்கு வந்தபோது மிதிவண்டிக் கொட்டகையில் முப்பதுக்கு மேல் நிற்கும். இப்போது பதினொன்று.

விழுந்த பையன் வேனில் வருகிறான். வேனில் முதலில் ஏறுபவன் அவன்தான் என்பதால் ஆறு மணிக்கெல்லாம் வாசலில் நிற்கவேண்டும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசி நேரத்தில் வந்து இறங்குகிறான். சன்னல்களை இப்போது வேறொரு மாணவி திறக்கிறாள். அவன் மிதிவண்டி வீட்டுப் பின்கட்டில் காற்றில்லாமல் நிற்பதாகச் சொன்னான்.

இரண்டாவது மேடு அந்த அண்ணனின் வீட்டுக்கு முன்னால் வரவேண்டியது. அளவெடுத்துச் சுண்ணாம்பால் கோடும் போட்டுவிட்டார்கள். ஒரு மழையில் கோடு அழிந்துபோயிற்று. கடந்த வாரம் பையனின் தாயாரைப் பள்ளி வாசலில் பார்த்தபோது முதல் மேட்டைப் பற்றிச் சொல்லி, ஒருநாள் அவனை என்னோடு அனுப்புங்கள், கூடவே ஓட்டி வருகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"அந்த ரெண்டாவதையும் போடட்டும் டீச்சர். அப்புறம் பார்ப்போம்."